புடலங்காய்க்குக் கட்டும் கல்

ஆளை அளப்பதற்கு முறை உண்டு. வெறுங்காலோடு நிற்க வேண்டும். குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை நான்கும் பலகையில் ஒட்ட வேண்டும். முகவாய் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மேலிருந்து இறங்கும் குறுக்குச் சட்டம் முடியை அமுக்கி மண்டையைத் தொட வேண்டும். அளப்பவர் அளவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். காவல் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல தேர்வுகளில் எழுதும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். முறை தவறி ஓர் ஆளைக்கூட அளக்கவிட்டதில்லை. இதை என் நேர்மைக்குச் சான்றாகச் சொல்லவில்லை. அளவுகோல் சரியாக இருக்கும்போது நேர்மையாக இருப்பதற்குப் பெரிய குணம் எதுவும் தேவையில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் நான் நின்றது எழுபதுகளின் பிற்பகுதியில். உதவி ஆய்வாளர் வேலைக்கு ஆள் எடுப்பதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. ஆரணியில் எங்கள் தெருவில் அதைப் படித்துவிட்டு மனு வாங்கி வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவன் என் நண்பன். பள்ளியிலும், பிறகு வேலூர்க் கல்லூரியிலும் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். என் தகப்பனார் பட்டு கொடுத்துச் சேலை வாங்கும் முதலாளி. அவனுடைய தகப்பனார் எங்கள் பட்டில் நெய்தவர். அவர் போன பிறகு அவனே தறிக்குழியில் இறங்கினான். காலையில் நெய்துவிட்டுக் கல்லூரிக்கு பஸ் ஏறுவான், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து நெய்வான். அவனுக்கு வயது வரம்பின்படி அந்த வருடமும் அடுத்த வருடமும்தான் மிச்சம். இந்த வேலை கிடைத்தால் குழியிலிருந்து வெளியே வரலாம், கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க அங்கேதான். இதை அவன் ஒரு தடவைதான் என்னிடம் சொன்னான். நான் மறக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கெஜக்கோலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேக்குக் கோல். இரண்டு நுனியிலும் பித்தளைப் பூண். நுனி தேயாமலிருக்கப் பூண் என்பது நைனா, அதாவது என் தகப்பனார், தந்த விளக்கம். மரம் சரியாக ஒரு கெஜம். மரம் முடிந்த பிறகும் பூண் இரு பக்கமும் கால் கால் அங்குலம் நீண்டிருந்தது. ஆறு கெஜச் சேலைக்கு மூன்று அங்குலம் கூட நெய்தால்தான் சேலை கோலுக்கு நிற்கும். குறைந்தால் நைனா ஒன்றும் பேசமாட்டார். சேலையை மடித்துத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். ஆகையால் நெசவாளிகள் எல்லாரும் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்திருந்தார்கள். நைனாவின் கோலை வைத்து அதே நீளத்துக்கு மூங்கில் வெட்டி, முப்பத்தாறு கோடு கிழித்து, வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். சேலை திரும்பி வரக் கூடாதல்லவா. இதனால் எங்கள் தெருவில் எந்த வீட்டில் எதை அளந்தாலும் ஒரே தவறுதான் வரும். தவறு எல்லா வீட்டிலும் ஒன்றாக இருந்தால் அதற்குப் பெயர் அளவு.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கல்லூரியில் நான் என்.சி.சி.யில் இருந்தேன். முகாமில் என்னை அளந்து எழுதிக்கொண்டார்கள். விடுமுறையில் வீட்டுக்கு வந்து கோலை வைத்துப் பார்த்தால் முக்கால் அங்குலம் குறைந்திருந்தேன். ஒரு மாதத்தில் ஆள் குறைய வழியில்லை. கடையில் ஓர் அடி ஸ்கேல் வாங்கி வந்து கோலின் மேல் மூன்று முறை வைத்தேன். மூன்றாவது முறையும் வைத்த பிறகு அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்குக் கோலை இரண்டு தடவை வைக்க வேண்டும்; முதல் தடவை இரண்டு பூணுக்கும் அரை, இரண்டாவது தடவை ஒரு பூணுக்குக் கால், ஆக முக்கால். நைனாவிடம் கேட்டேன். அவர் கோலை என் கையிலிருந்து வாங்கி மூலையில் சாத்திவிட்டுச் சொன்னார்:

“படிக்க வெச்சது கணக்கு தெரியறதுக்கு. வெளில சொல்றதுக்கு இல்ல.”

பிறகு, யோசித்துப் பார்த்ததுபோல, இன்னொரு வார்த்தையும் சொன்னார். “நீ வாயைத் தொறந்தா நாளைக்கே அத்தினி தறியும் வேற வூட்டுப் பட்டுக்குப் பூடும். அப்புறம் நீ எந்தத் துணியைப் போட்டுகினு காலேஜுக்குப் போவன்னு பாத்துக்கோ.”

நண்பன் என்.சி.சி.யில் சேரவில்லை. அணிவகுப்பு நாட்களில் அவனுக்குத் தறி இருந்தது. அரசாங்கக் கோலில் அளக்கப்பட்டவன் எங்கள் இருவரில் நான் மட்டும்.

மனு வந்த அன்று எங்கள் வீட்டு நடைச் சுவரில் அவனை நிறுத்தித் தலைமேல் புத்தகம் வைத்துக் கோடு போட்டேன். கோலை எடுத்து அளந்தேன். விதி கேட்ட உயரத்துக்கு அரை அங்குலம் குறைந்தது. அதாவது உண்மையில் கால் அங்குலம் மிஞ்சியது. கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மனதில் கணக்குப் போட்டுவிட்டேன்.

“அரை இஞ்ச் கம்மி” என்றேன்.

“மறுபடி அளடா.”

மறுபடி அளந்தேன். அரை அங்குலம் கம்மிதான். அவன் நேராகத் தன் வீட்டுக்குப் போய் மூங்கிலை வைத்து அளந்தான். எதிர் வீட்டு மூங்கிலை வாங்கி அளந்தான். அங்கேயும் அரை அங்குலத்துக்குக் குறையாமல் கம்மிதான். மூன்று கோல் ஒரே தீர்ப்புச் சொன்ன பிறகு ஒருவன் தன் உடம்பைத்தான் சந்தேகப்பட முடியும், கோலை அல்ல.

நான் வாயைத் திறக்காததற்கு நைனா ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. எடுக்கப்போவது சில ஆட்களைத்தான். அவன் என்னைவிட நன்றாக ஓடுவான், நன்றாகத் தாவுவான். எந்தக் காரணம் பெரியது என்று என்னைக் கேட்டால் தெரியாது என்றுதான் இத்தனை காலமும் சொல்லிவந்தேன். தெரியும்.

மனுவில் உயரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அதற்குக் கீழே, தவறான தகவல் தருபவர் மேற்கொண்டு எந்த அரசுத் தேர்விலும் கலந்துகொள்ள முடியாது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. அந்த வரியை நான் அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை. சர்க்கார் மருத்துவமனைக்குப் போய் அளந்து சான்று வாங்கலாம் என்று ஒரு முறையும் இருந்தது. அதைப் படித்துக் காட்டவில்லை. அந்த வருடம் அவன் மனுப் போடவில்லை.

நான் தனியாக வேலூர் போனேன். உயரம், மார்பு, ஓட்டம், தாண்டுதல் எல்லாவற்றிலும் தேறிக் கடைசியில் கயிறு ஏறுவதில் தோற்றேன். ஆள் உயரம் ஏறியதும் கை வழுக்கிவிட்டது. திரும்பி வந்தபோது அவன் பஸ் நிலையத்தில் காத்துக்கொண்டிருந்தான்.

“இன்னாடா ஆச்சி?”

“கயிறு.”

“பட்டுநூல் ஊர்ல பொறந்துட்டுக் கயித்துலயாடா தோத்த?” என்று சிரித்தான். சிரித்து முடித்ததும், அடுத்த வருடம் என்னை ஏற்றிவிடுவது தன் பொறுப்பு என்றான். அவன் சொன்னால் செய்வான்.

அந்த ஒரு வருடம் தினமும் விடியும்போது கிளம்புவோம். தெருவில் பாவு நீட்டத் தொடங்குவதற்கு முன்பே ஓடி வெளியேறிவிட வேண்டும். தெருநீளத்துக்கு இழையை இழுத்துக் கட்டிவிட்டால் அப்புறம் அந்த வழியில் மாடுகூட நடக்க முடியாது. ஓர் இழை அறுந்தால் நாலு தலைமுறையை இழுத்துத் திட்டுவார்கள். சேவூர் சாலையில் ஓடுவோம். நான் கேன்வாஸ் ஷூ. அவன் வெறுங்கால். பதினைந்து வருடமாகக் குழியில் மிதிகட்டையை மிதித்த கால் அது. கெண்டைக்காலில் தேங்காய் வைத்ததுபோல் சதை. என்னை முன்னே விட்டு, என் மூச்சு இறைப்பதைக் கேட்டுக்கொண்டே பின்னால் வருவான். திரும்பும்போது ஆற்று மணலில் தாண்டுவோம். கரையில் ஒரு புளியமரத்தில் கயிறு கட்டியிருந்தான். கையால் ஏறக் கூடாது, காலால்தான் ஏற வேண்டும், கயிற்றைப் பாதத்துக்குள் பூட்டி எழும்ப வேண்டும், கை பிடித்துக்கொள்ள மட்டும்தான் என்று என் பாதத்தைத் தன் கையால் பிடித்துப் பிடித்துப் பூட்டக் கற்றுத்தந்தான். மூன்று மாதத்தில் ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போனால் எனக்குப் பாலும் இரண்டு முட்டையும் காத்திருக்கும். அவனுக்குக் கூழும் தறியும். ஒரு நாள் ஒரு முட்டையை அவனுக்கு எடுத்துப் போகலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மற்ற தகுதிகளுக்கெல்லாம் பயிற்சி உண்டு, உயரத்துக்குக் கிடையாது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவன் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஒரு நெசவாளி இருந்தார். ஐம்பது வயது, வாய் சும்மா இராது. கொல்லையில் புடலங்கொடி போட்டிருந்தார். பிஞ்சு சுருண்டுகொள்ளாமல் நீள்வதற்காக நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். ஒரு நாள் அவர் கல் கட்டிக்கொண்டிருக்கும்போது இவன் அங்கே நின்றிருக்கிறான்.

“பாத்தியா, கல்லு கட்டுனா இது எப்டி நீளுது? நீயும் விட்டத்துல தொங்கு, கால்ல நான் கட்டி வுடறேன்” என்று அவர் கேலி செய்திருக்கிறார்.

கேலியை அவன் யோசனையாக எடுத்துக்கொண்டான். வீட்டு விட்டத்தில் கயிற்று வளையம் இரண்டு கட்டினான். ஆற்றுக் கல்லைச் சாக்குப் பையில் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொண்டு தொங்கினான். முதலில் காலையில் மட்டும். பிறகு சாயங்காலமும். பிறகு சேலையில் ஒவ்வொரு கெஜம் முடித்ததும் எழுந்து வந்து ஒரு தடவை. கல்லும் ஏறிக்கொண்டே போனது. தொங்கி இறங்கியதும் மூங்கிலை வைத்து அளப்பான். உடனே அளந்தால் கொஞ்சம் கூடியிருக்கும். தறியில் உட்கார்ந்து எழுந்தால் பழையபடி இறங்கிவிடும். இது எல்லா மனிதருக்கும் உள்ளதுதான், காலையில் நீண்டு மாலையில் குறுகுவது. அவனோ இதை ஒரு துப்பு என்று எடுத்துக்கொண்டான். வளர்கிறது, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது. நிற்கவைக்க இன்னும் தொங்க வேண்டும்.

தோளில் வலி தொடங்கியது ஏழெட்டு மாதத்தில். வலது தோள். தறியில் ஊடை நூலை ஓட்டும் நாடாவைச் சுண்டும் கை அது. இரவில் தூங்குவதில்லை என்று அவன் அம்மா சொன்னார். ஒரு நாள் அவன் தொங்கிக்கொண்டிருக்கும்போது நான் போனேன். அவர் பார்க்க முடியாமல் வாசலில் வந்து நின்றிருந்தார்.

“தம்பி, நீ படிச்ச புள்ள. இப்பிடித் தொங்குனா நெஜமா வளருமா?”

“வளந்தாலும் வளரும்மா” என்றேன்.

அவன் படித்த அதே வகுப்பில்தான் நானும் படித்தேன். ஆனால் முதலாளி வீட்டில் இருப்பவன் படித்தால்தான் அது படிப்பு. அந்த அம்மாள் நிம்மதியாக உள்ளே போனார்.

அடுத்த அறிவிப்பு வந்தது. அவனுக்கு அது கடைசி வாய்ப்பு. மூங்கில் இன்னும் அரை அங்குலம் குறை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மனுவைக் கையில் வைத்துக்கொண்டே அலைந்தான். பிறகு என்னிடம் கொண்டுவந்து, உயரக் கட்டத்தில் விதி கேட்கும் அளவை அப்படியே எழுதச் சொன்னான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அவன் மனுக்களை எப்போதும் நான்தான் எழுதுவேன்.

“மாட்டுனா?” என்றேன்.

“மாட்டுனா மாட்டுறேன். அளக்கற அன்னிக்கிக் காலைல வரைக்கும் தொங்கிகினே இருந்துட்டு நேரா போய் நின்னுடறேன்.”

எழுதினேன். அந்த மனுவில் அவன் பொய் என்று நினைத்து எழுதச் சொன்ன ஒரே வரி அது. அதுவும் உண்மையாகத்தான் இருந்தது.

முதல் நாளே வேலூர் போய் ஒரு சத்திரத்தில் தங்கினோம். சத்திரத்தின் பின்னால் ஒரு வேப்பமரம். விடிந்ததும் அவன் கொண்டுவந்திருந்த கயிற்றைக் கிளையில் போட்டான். ஊரிலிருந்து கல் சுமந்து வரவில்லை. சத்திரத்துக்காரர் சமையலுக்கு அடுப்பு மூட்டப் போட்டிருந்த மூன்று கல்லை எடுத்துப் பையில் போட்டோம். கையை மேலே கோத்துக்கொண்டவன் தானாகக் காலில் கட்டிக்கொள்ள முடியாது. நான்தான் கட்டினேன்.

இங்கே நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ‘எறங்குடா, நீ ஒசரம்தான்’ என்றால் முடிந்தது. அந்த நேரத்தில் அதனால் நைனாவுக்குக்கூட நஷ்டமில்லை. காரணம் கேட்டால் என்.சி.சி.யைச் சொல்லி எதையாவது சமாளித்திருக்கலாம். முடிச்சை இறுக்கிக்கொண்டே இதையெல்லாம் யோசித்தேன். முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தேன்.

அவன் எண்ணிக்கொண்டே தொங்கினான். முந்நூறு தாண்டியபோது தோளில் ஈரக் குச்சி முறிவதுபோல ஒரு சத்தம் வந்தது. எண்ணுவது நின்றது. முகம் வெளுத்துவிட்டது. சிறிது நேரம் கழித்து விட்ட எண்ணிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தான். ஐந்நூறில் நான் பையை அவிழ்த்தேன். இறங்கியவன் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் குறுகிவிடும். மைதானத்துக்கு நடந்தே வந்து, கூப்பிடும்வரை சுவரோரமாகத் தரையில் நீட்டிப் படுத்திருந்தான். மற்ற மனுதாரர்கள் மயக்கம் போட்டுவிட்டான் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். படுத்தபடியே குடித்தான்.

அளந்தவர் ஒரு தலைமைக் காவலர். நான் மேலே சொன்ன முறைப்படி அளந்தார். சட்டத்தை இறக்கி, குனிந்து பார்த்து, வாய்விட்டுச் சொன்னார். கால் அங்குலத்துக்குச் சற்று மேலேயே மிச்சம். எழுதுபவர் திருப்பிச் சொன்னார். அவன் பலகையை விட்டு நகராமல் நின்றான். “சரியாயிட்ச்சிப்பா, நவுரு” என்று தலைமைக் காவலர் தோளைத் தட்டினார். வலது தோளை. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறான் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படியும் இருந்திருக்கலாம்.

மார்பு அளவு தேறினான். ஓட்டத்தில் அவன் குழுவில் முதலாவதாக வந்தான், வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. தாண்டுதலும் தேறினான். மத்தியானம் கயிறு. எனக்குச் சொல்லித்தந்ததுபோலப் பாதத்தைப் பூட்டி முதல் எழும்பலில் ஆள் உயரம் போனான். கை பிடித்துக்கொள்ள மட்டும்தான். ஆனால் பிடித்துக்கொள்ளவாவது வேண்டும். வலது கையை மேலே உயர்த்தினான், அது முகவாய்க்கு மேல் போகவில்லை. இடது கையில் மட்டும் தொங்கிக்கொண்டு சுற்றினான். கீழே இருந்த அதிகாரி விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“ஊஞ்சல் ஆடினது போதும், எறங்கு.”

அடுத்தடுத்த இலக்கத்தில் மனுப் போட்டதால் அவனுக்குப் பின்னால் நான். அவன் இறங்கிய கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பாதத்தைப் பூட்டினேன், எழும்பினேன், உச்சியைத் தொட்டு இறங்கினேன். அவன் ஓரமாக நின்று இடது கையால் தொடையில் தட்டினான். ஒற்றைக் கையால் கைதட்டுவது அப்படித்தான்.

திரும்பும் பஸ்ஸில் துண்டைத் தூளி போலக் கழுத்தில் மாட்டிக் கையை அதில் போட்டிருந்தான். அவன் துக்கமாக வருவான் என்று எதிர்பார்த்து அதற்கேற்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவன் துக்கமாக இல்லை.

“பாத்தியாடா, கால் இஞ்ச் மிச்சம். முக்கால் இஞ்ச் வளந்துகிறேன். ஒரு வருசத்துல முக்கால் இஞ்ச்.” கண்ணமங்கலம் வரும்வரை இதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். கை ஆறிவிடும், வேறு வேலைகளுக்கும் உயரம் கேட்கிறார்கள், உயரம் வந்துவிட்டது, இனிப் போகாது.

தேறியவன் நான். ஆனால் பஸ்ஸில் சந்தோஷமாக இருந்தவன் அவன். எனக்கு அது பொறுக்கவில்லை. மனசாட்சி என்று எழுதினால் படிப்பவர்களுக்குப் பிடிக்கும். அது மனசாட்சி இல்லை.

“நீ வளரல” என்றேன். “எங்க வூட்டுக் கோலு நீளம். அரை இஞ்ச். அதைப் பாத்துத்தான் ஊரே மூங்கில் வெட்டி வெச்சிருக்குது. நீ எப்பவும் இதே ஒசரம்தான்.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. முன் இருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் இரண்டு நிறுத்தம் நின்று கிளம்பியது.

“நீதான் பாஸாயிட்டியே” என்றான். “உனக்கு இன்னும் இன்னா வோணும்?”

“நெஜமாத்தான்டா சொல்றேன்.”

“தொங்குனது நானு. கையைக் குடுத்தது நானு. வந்த ஒசரத்தையும் உங்க வூட்டுக் கோலுதான் குடுத்துச்சின்னு எழுதிக்கப் பாக்கறியா?”

காலக்கெடு முடிந்த பிறகு தரும் வாக்குமூலத்தை யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இதுவும் முறைதான்.

மறுநாள் காலை அவன் வீட்டு வாசலில் அவனுக்கே அடுத்த சேலைக்கான பாவு நீட்டியிருந்தார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று இழையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பட்டு என்பதால் நைனா பார்வையிட வந்திருந்தார், கூட நானும். அவன் ஒற்றைக் கையால் இழையைத் தடவிக்கொண்டிருந்தான். எதிர் வீட்டுப் புடலங்காய்க்காரர் மறுபக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

“இன்னா இன்ஸ்பெக்டரு, கையைக் கட்டிகினு வந்துட்ட? திருடன் யாருனா அட்ச்சிட்டானா?”

“கயித்துல கை போச்சிண்ணா. ஒசரத்துல பாஸு” என்றான் அவன்.

“ஒசரத்துலயா? முந்தாநேத்துகூட அரை இஞ்ச் கம்மின்னுகினு இருந்தியே.”

“தொங்குனேன் இல்ல? கால் இஞ்ச் மிச்சம்.”

தெரு சிரித்தது. புடலங்காய்க்காரர், எல்லாரும் இருங்கள், இந்த அதிசயத்தைக் கண்ணால் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் மூங்கில் எடுக்கத் திரும்பினார். நைனாவின் கை பாவின் மேல் அப்படியே நின்றது. கோலில் குறையும் ஆள் அரசாங்கத்தில் மிஞ்சுகிறான் என்று அந்தத் தெரு நடுவில் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டால், அடுத்து எதை அளப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

“வோணாம்ணா” என்றான் நண்பன். அவசரமாகச் சொன்னான். “அந்த மூங்கில்லாம் வோணாம். சர்க்கார் கோல்ல அளந்தாச்சி, அது போதும்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். பஸ்ஸில் நான் சொன்னதை அவன் நம்பியிருந்தான் என்று அந்தப் பார்வையில்தான் தெரிந்துகொண்டேன். ஒருவேளை நான் சொல்லி முடித்த கணத்திலேயே நம்பியிருப்பான். நம்பிவிட்டு, வேண்டாம் என்று வைத்திருந்தான். அதை ஒப்புக்கொண்டால் தன் கை எதற்காகப் போனது என்று தன் அம்மாவுக்குக்கூட அவனால் சொல்ல முடியாது.

“தோ, கூட இருந்தவன் நிக்கறான். அவனையே கேளுங்க. அளந்தவரு இன்னா சொன்னாருடா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நைனா பார்க்கவில்லை. சாட்சி சொல்பவன் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்; கேட்காததைத் தானாகச் சேர்த்துச் சொல்லக் கூடாது. பிற்காலத்தில் நூறு சாட்சிகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை.

“ஒசரம் சரியா இருக்குதுன்னாரு. கால் இஞ்ச் மிச்சம்” என்றேன்.

புடலங்காய்க்காரர் வாசற்படியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். “கேலிக்குச் சொன்னேன்டா, நெஜமாவே நீண்டுட்டானே” என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. நைனாவின் கை பாவின் மேல் மறுபடி நகர்ந்தது. இரண்டு இழை தளர்ந்திருக்கிறது, இழுத்துக் கட்டுங்கள் என்றார்.

நான் பயிற்சிக்குப் புறப்பட இரண்டு மாதம் ஆயிற்று. அவனுடைய வலது கை தோளுக்கு மேல் அப்புறம் எழவே இல்லை. நாடாவை இடது கையால் சுண்டப் பழகினான். சேலை முடிய முன்பைவிட இரண்டு பங்கு நாள் ஆயிற்று. நான் கிளம்பிய வாரத்தில் எங்கள் தெருவில் மூன்று வீட்டு விட்டத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். எவ்வளவு கனத்தில் கல் கட்டலாம் என்று அவனைத்தான் வந்து கேட்பார்கள். அவன் தறியிலிருந்து எழுந்து போய், இடது கையால் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு கல் போடலாம் என்பான்.